போட்டுப் பார்த்து வாங்குங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். நாலு பேருக்குமே கம்ப்யூட்டர், கேமரா, பாட்டுக் கருவி என்றால் உயிர். எல்லாவற்றையும் புதிதாக வாங்கிக் கட்டுப்படியாகாது என்பதால் செகண்ட் ஹேண்டில் தேட ஆரம்பித்திருக்கிறோம். எதைத் தேடலாம், எதைத் தொடவே கூடாது?

பதில்: பழைய பொருள் எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இதில் தேயக்கூடியது எது, தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ள முடியுமா? பேட்டரி, ஹார்ட் டிஸ்க், ரப்பர் பெல்ட், ஹெட்போனின் காது மெத்தை எல்லாம் தேயும், வேறு வாங்கிப் போட்டால் பொருள் மறுபடி ஓடும். மதர்போர்டு, டிஸ்ப்ளே, பழைய சொந்தக்காரர் போட்டுவிட்டுப் போன பூட்டு, கம்பெனி நிறுத்திவிட்ட அப்டேட், இந்த நாலும் வேறு ரகம். இவற்றில் ஒன்றில் சிக்கல் இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஆண்டுக்கணக்கைப் பார்த்துப் பயப்படுவதை விட இந்தப் பிரிவினையைப் பழகிக்கொள்வது நல்லது, ஏனென்றால் நாற்பது வருஷத்துச் சாமானில் ஒன்றும் கெடாமல் இருப்பதும் உண்டு, மூன்றே வருஷத்துச் சாமான் உதவாமல் போவதும் உண்டு.

தேட வேண்டியவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது கீபோர்டுதான். ஐ.பி.எம். 1985-ல் கொண்டுவந்த மாடல் எம் கீபோர்டு இன்றைக்கும் ஆங்காங்கே பழைய சாமான்களுக்கு நடுவில் தூசியோடு கிடைக்கிறது. ஒவ்வொரு கீக்கு அடியிலும் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும், அழுத்தும்போது அது மடங்கி 'டக்' என்று சத்தம் கொடுக்கும். தூக்கிப் பார்த்தால் இரண்டு கிலோ அளவுக்குக் கனக்கும், அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். திருப்பிப் பார்த்தால் தயாரித்த தேதியோடு லேபிள் ஒட்டியிருப்பார்கள். பிளக் பழைய வட்ட வடிவ பி.எஸ்./2 என்பதால் யு.எஸ்.பி.க்கு மாற்ற ஒரு கன்வர்ட்டர் வேண்டும். அதிலும் உள்ளே சர்க்யூட் உள்ள கன்வர்ட்டராக வாங்குங்கள், வெறும் பின்னை மட்டும் மாற்றித் தரும் பச்சை, ஊதா நிறத் துண்டு இதற்கு வேலை செய்யாது.

அடுத்தது நல்ல ஒயர் ஹெட்போன். சென்ஹைசரின் எச்.டி. 600 வந்தது 1997-ல். அதன் காது மெத்தை, கேபிள் எல்லாம் கழற்றி மாட்டும்படி செய்திருக்கிறார்கள். மெத்தை தொங்கிப்போய், கேபிள் அறுந்து கிடக்கும் ஒன்றைப் பார்த்து எல்லோரும் ஒதுங்குவார்கள், நீங்கள் ஒதுங்க வேண்டாம். இரண்டு பக்கமும் சத்தம் ஒரே அளவில் வருகிறதா என்று மட்டும் போட்டுப் பாருங்கள். கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர், அலுவலகங்கள் மொத்தமாகக் கழித்துவிடும் மானிட்டர், லேப்டாப், இவையும் நல்ல வேட்டைதான்.

தொடக்கூடாதவை: இங்க்ஜெட் பிரிண்டர் (மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் ஹெட்டில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும்), அப்டேட் நின்றுபோன ரவுட்டர், பயன்படுத்திய பென் டிரைவ், தனியாக விற்கும் பழைய லித்தியம் பேட்டரி. இந்த நாலில் பேரமே பேசாதீர்கள்.

கேள்வி: மகள் கல்லூரிக்குப் போகிறாள். பழைய லேப்டாப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். வாங்குவதற்கு முன் அங்கேயே நின்று என்னென்ன சோதிக்கலாம்?

பதில்: ஆன் செய்வதற்கு முன்னாலேயே பாதி வேலை முடிந்துவிடும். மூடிய லேப்டாப்பை சமமான மேசை மேல் வைத்து நாலு மூலையையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் அடிப்பகுதி வளைந்திருக்கிறது. பிறகு திறந்து டச்பேடை நாலு பக்கமும் கிளிக் செய்யுங்கள். லேசாக மேலெழும்பி நின்றாலோ ஒரு பக்கம் அமுங்க மறுத்தாலோ, கீழே பேட்டரி உப்பிப்போய் அதை மேலே தள்ளிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். விற்பவர் "அது பழகிக்கும்" என்பார். விட்டுவிட்டு வாருங்கள். கீலையும் பாருங்கள், திரையைத் திறக்கும்போது கீழ்ப்பக்க பிளாஸ்டிக் பிளந்து வந்தால் அதைச் சரிசெய்வது பெரிய தலைவலி.

ஆன் ஆனதும் பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்க ஒரு கட்டளை உண்டு, விவரம் தெரிந்த யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், ஒரு நிமிஷ வேலை. அதில் இரண்டு எண்களைப் பாருங்கள், புதிதாக இருந்தபோது பேட்டரி எவ்வளவு பிடித்தது, இப்போது முழுசாக ஏற்றினால் எவ்வளவு பிடிக்கிறது. 50,000 இருந்த இடத்தில் 31,000 இருந்தால் 62 சதவீதம்தான் மிச்சம். அதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மேக்புக் என்றால் சைக்கிள் கவுண்ட், அதாவது பேட்டரி எத்தனை முறை முழு அளவுக்குத் தீர்ந்து ஏறியது என்ற கணக்கு, காட்டும், இப்போதுள்ள மாடல்களுக்கு ஆப்பிள் சொல்லும் வரம்பு 1000. டிஸ்க்குக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவில் கொண்டுபோங்கள், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதி (செக்டர்) இருக்கிறதா என்று காட்டிவிடும்.

மாற்ற முடியாதது இனிமேல்தான் வருகிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸரும் இன்டெல் என்றால் பெரும்பாலும் 2017-ல் வர ஆரம்பித்த எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். அதற்கு முந்தையதில் விண்டோஸ் 11 ஓடுவதாகக் காட்டினால் ஏதோ சுற்றுவழியில் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம், படிக்கிற பிள்ளைக்கு அந்தத் தொந்தரவு வேண்டாம். கல்லூரியில் குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருள் எதுவும் கேட்கவில்லை என்றால் பழைய எந்திரத்தில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுங்கள். நான் தயங்காமல் சொல்வேன், நன்றாகவே ஓடும்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். அலுவலகத்திலிருந்து வெளியே வந்த லேப்டாப்பாக இருந்தால், ரீசெட் செய்து, இன்டர்நெட்டோடு இணைத்து, முதல் செட்டப்பை உங்கள் கண் முன்னால் ஓட்டச் சொல்லுங்கள். பழைய கம்பெனியின் பதிவிலிருந்து நீக்காமல் விட்டிருந்தால் அந்தக் கம்பெனியின் பெயரைக் காட்டி அவர்களுடைய லாகின் கேட்டு நிற்கும். இன்டர்நெட் இல்லாமல் செட்டப் செய்து கொடுத்தால் இது அன்றைக்குத் தெரியாது, பின்னால் என்றைக்கோ ரீசெட் செய்யும்போதுதான் தெரியவரும், அப்போது விற்றவர் போனை எடுக்க மாட்டார். விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளுக்கு பாஸ்வேர்டு இருக்கிறதா என்பதையும் அப்போதே உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பழைய போன் வாங்கும்போது?

பதில்: லேப்டாப்புக்குச் சொன்னதேதான், பூட்டு இன்னும் கெட்டி. ஐபோனில் 2013-ல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்து ஆக்டிவேஷன் லாக் உண்டு, ஆண்ட்ராய்டிலும் ஏறத்தாழ 2015 முதல் அதே மாதிரி ஒரு பூட்டு இருக்கிறது. பழைய சொந்தக்காரரின் கணக்கு உள்ளே இருக்கும் வரை போன் உங்களுடையது ஆகாது. அவரே செட்டிங்ஸில் போய்க் கணக்கை எடுத்துவிட்டு, உங்கள் எதிரில் ரீசெட் செய்து, வரவேற்புத் திரை வருகிற வரை காட்டட்டும். "பாஸ்வேர்டை அப்புறம் மெசேஜில் அனுப்புறேன்" என்றால் பணத்தையும் அப்புறம் தருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

*#06# அடித்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது போனின் அடையாள எண், வரும். பெட்டியில் உள்ள எண், சிம் டிரேயில் எழுதியிருந்தால் அந்த எண், எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். திருட்டுப் போன் என்று பதிவானதா என்பதையும் அந்த எண்ணை வைத்துத்தான் பார்ப்பார்கள். திரையில் முழு வெள்ளைப் படம் ஒன்றை வைத்துப் பாருங்கள், ஓலெட் திரையில் பழைய ஐகான்களின் நிழல் படிந்திருந்தால் அப்போது பளிச்சென்று தெரியும், அது போகவே போகாது. அப்டேட் எத்தனை வருஷம் பாக்கி இருக்கிறது என்பது ரொம்ப முக்கியம். கூகுள் பிக்சல் 8-க்கும் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருஷம் அப்டேட் தருவதாக அந்தந்தக் கம்பெனிகளே அறிவித்திருக்கின்றன. ஆகவே இரண்டு மூன்று வருஷம் ஓடிய அப்படிப்பட்ட போன், பெயர் தெரியாத புதுப் போனை விட நல்லது என்பது என் கருத்து. தண்ணீர் புகாது என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், ஒருமுறை பிரித்து டிஸ்ப்ளே மாற்றிய போனில் அந்த சீல் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

கேள்வி: 2 டி.பி. பென் டிரைவ் நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தது. கம்ப்யூட்டரும் 2 டி.பி. என்றே காட்டுகிறது. ஆனால் சேமித்த வீடியோக்களில் பாதி திறக்கவில்லை. டிரைவ் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, ஏமாற்றியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் சின்ன கன்ட்ரோலர் சிப்பில் கொள்ளளவைப் பொய்யாக எழுதிவைத்து விற்கிறார்கள். கம்ப்யூட்டர் அது சொல்வதை அப்படியே நம்பிவிடும். உண்மையில் இருக்கும் இடம் நிரம்பியதும், அதற்கு மேல் எழுதுவது பழையதன் மேலேயே விழும், அல்லது எங்குமே பதியாது. பெயர்ப் பட்டியலில் எல்லாக் கோப்பும் இருப்பதாகத் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் விண்டோஸுக்கு இருக்கிறது, லினக்ஸுக்கும் மேக்குக்கும் எஃப்3. டிரைவ் முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, உண்மையான அளவைச் சொல்லிவிடும். பெரிய டிரைவ் என்றால் மணிக்கணக்கில் ஓடும், பரவாயில்லை, ஓடட்டும். புது மெமரி கார்டு வாங்கினாலும் குடும்பப் படங்களை ஏற்றுவதற்கு முன் இதை ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பெட்டியிலிருந்து ஒரு கேசட் பிளேயரும் அவர் குரலைப் பதிந்த இரண்டு கேசட்டும் கிடைத்தன. பிளேயரில் பேட்டரி போட்டால் மோட்டார் சத்தம் கேட்கிறது, சக்கரம் சுற்றவில்லை. வேறு பிளேயர் வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம், அவசரப்படாதீர்கள், இது ரொம்ப நல்ல அறிகுறி. மோட்டார் ஓடுகிறது, சக்கரம் ஓடவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பெல்ட் போய்விட்டது, அவ்வளவுதான். பின்பக்க ஸ்குரூக்களைக் கழற்றித் திறந்தால் சின்ன மோட்டார் புல்லி ஒன்றும் பெரிய பித்தளை அல்லது இரும்புச் சக்கரம் ஒன்றும் தெரியும், அவற்றைச் சுற்றித்தான் பெல்ட் ஓடும். சிலவற்றில் பெல்ட் தளர்ந்து தொங்கும், சிலவற்றில் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கிடக்கும். அந்தக் கறுப்புப் பிசுக்கு விரலில் பட்டால் லேசில் போகாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சு சுற்றிய குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் புல்லியின் பள்ளத்தைச் சுத்தமாகத் துடைத்தெடுங்கள். துளி மிச்சம் இருந்தாலும் புது பெல்ட் அந்த இடத்தில் வழுக்கும், பாட்டு அலையலையாக ஏறி இறங்கும். பழைய பெல்ட் துண்டாகாமல் இருந்தால் மடித்து நீளத்தை அளந்துகொள்ளுங்கள். புதுசு அதைவிடச் சற்றுச் சின்னதாக இருக்கட்டும், பழசு இழுபட்டு நீண்டிருக்கும். மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டால் சரியான அளவு பெல்ட்டே கிடைப்பதும் உண்டு.

அதே பஞ்சால் டேப் உரசிப் போகும் ஹெட்டையும் துடைத்துவிடுங்கள், பழுப்பாக வரும். டேப்பை இழுக்கும் ரப்பர் உருளைக்கு மட்டும் லேசாக ஈரத்துணி போதும், ஆல்கஹால் ரப்பரைக் காயவைத்துவிடும்.

அப்புறம், தயவுசெய்து முதல் கேசட்டாக தாத்தாவின் கேசட்டைப் போடாதீர்கள். போனாலும் கவலையில்லாத ஏதாவது ஒரு கேசட்டை இரண்டு பக்கமும் ஓடவிட்டு, டேப்பைக் கடிக்கவில்லை என்று தெரிந்த பிறகு தொடுங்கள். அவருடைய கேசட்டின் திறந்த விளிம்பில், நடுவில், ஒரு சின்ன செப்புத் தகட்டின் மேல் ஃபெல்ட் துண்டு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் ஒலி மங்கிப்போகும், டேப் அழிந்துவிட்டதென்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். இன்னொரு பழைய கேசட்டிலிருந்து அந்தத் தகட்டைக் கழற்றி மாட்டலாம். கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிட்டால் தவறிப்போய் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது.

ஓட ஆரம்பித்ததும் முதல் வேலை, ஹெட்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள் போட்டு, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிந்து கொள்வது. சத்தத்தைக் குறைத்துவைத்துப் பதியுங்கள், அலை உச்சியைத் தொட்டு வெட்டுப்பட்டால் திரும்ப எடுக்க முடியாது. இரைச்சலை நீக்குவதெல்லாம் பிறகு நகல் எடுத்துச் செய்துகொள்ளலாம், மூலப் பதிவை அப்படியே இரண்டு இடத்தில் வையுங்கள். பிலிப்ஸ் இந்தக் கேசட்டைக் கொண்டுவந்தது 1963-ல், சோனி வாக்மேன் 1979-ல். அத்தனை பழைய வடிவத்துக்கு இன்றும் பெல்ட்டும் பிளேயரும் கிடைப்பது நமக்கெல்லாம் அதிர்ஷ்டம். தாத்தாவின் குரல் கேட்டதும் எழுதுங்கள், எனக்கும் ஆசையாக இருக்கிறது.

கேள்வி: கணவரும் மகனும் வாரம் தவறாமல் ஏதாவது பழைய சாமானைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இரண்டு அலமாரி நிரம்பி, இப்போது கட்டிலுக்கு அடியிலும் வந்துவிட்டது. எனக்கும் இதில் ஆர்வம் உண்டு, அதனால் திட்டவும் மனசு வரவில்லை. ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர என்ன வழி?

பதில்: உங்களுக்கும் ஆர்வம் இருப்பதுதான் இதில் பெரிய பலம், உங்கள் பேச்சு எடுபடும். மூன்று பேரும் சேர்ந்து உட்காருங்கள். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது ஓடுகிறதா, ஓடாவிட்டால் இதைச் சரிசெய்யப் போவது யார், எப்போது என்று கேளுங்கள். பெயரும் தேதியும் சொல்ல முடிந்தால் அதை எழுதி ஒட்டிவிட்டு வையுங்கள். சொல்ல முடியாவிட்டால் அது பாகத்துக்காக வைத்திருக்கும் பொருள். அப்படியானால் தேவையான பாகத்தைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு மீதியை மின்கழிவாக முறையாகச் சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடலாம். ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட கணக்குப்படி 2022-ல் மட்டும் உலகம் முழுவதும் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது, அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். பழைய பொருளை ஓடவைப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம், ஓடாததைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதால் அந்தக் கணக்கு குறையாது.

இதில் பேச்சுக்கே இடமில்லாத விஷயம் ஒன்று உண்டு. அலமாரியில் கிடக்கும் எல்லாப் பழைய போன், டேப்லெட், லேப்டாப்பையும் இன்றைக்கே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பின்மூடி பிதுங்கியிருந்தாலோ திரை ஓரத்தில் தூக்கியிருந்தாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜில் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள், தீப்பிடிக்கும். துணியோ காகிதமோ இல்லாத இடத்தில் தனியாக வைத்து, பேட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் ஒப்படையுங்கள். சாதாரணக் குப்பையிலும் போடக் கூடாது. நல்ல நிலையில் உள்ளவற்றைப் பாதி சார்ஜில் வைத்துச் சூடில்லாத இடத்தில் வையுங்கள், முழுசாக ஏற்றியோ முழுசாகத் தீர்த்தோ மாதக்கணக்கில் போட்டுவைத்தால் பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போகும்.

அடாப்டர்களுக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். எல்லாம் கறுப்பாக, பிளக் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஒன்று 5 வோல்ட், ஒன்று 12, ஒன்று 19. 12 வோல்ட் பொருளுக்கு 19 வோல்ட் சொருகினால் ஒரு நொடியில் போர்டு போய்விடும். எந்த அடாப்டர் எதனுடையது என்று வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டுங்கள். வோல்ட் சமமாக இருக்க வேண்டும், ஆம்பியர் தேவைக்கு மேல் இருந்தால் தவறில்லை, நடு முனை பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் சின்னப் படமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த வேலையை மகனிடம் கொடுங்கள், அலமாரியும் ஒழுங்காகும், அவனுக்கும் ஒரு பாடம் பதியும்.

கேள்வி: பன்னிரண்டு வயசு மகள் எது கிடைத்தாலும் ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்துவிடுகிறாள். எதைத் திறக்க விடலாம்?

பதில்: அந்தக் கை ஓய வேண்டாம். பழைய கீபோர்டு, மவுஸ், ரிமோட், ஹார்ட் டிஸ்க் (உள்ளே இருக்கும் காந்தத்தை எடுக்கும்போது விரலைக் கவனிக்கச் சொல்லுங்கள், நசுக்கிவிடும்), பேட்டரி எடுத்த பொம்மை இதெல்லாம் தாராளமாகத் திறக்கலாம். தொடவே கூடாதவை: மைக்ரோவேவ் அடுப்பு, பின்பக்கம் பெருத்த பழைய பிக்சர் டியூப் டி.வி., எந்தப் பவர் சப்ளை பெட்டியும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இவற்றில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மைக்ரோவேவில் ஆயிரக்கணக்கான வோல்ட், கலர் பிக்சர் டியூபில் இருபதாயிரத்துக்கும் மேல். பெரியவர்களுக்கே உயிர் போயிருக்கிறது.

பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று, ஃபிளாஷ் உள்ள சின்ன கேமரா. ஒற்றை பேட்டரியில் ஓடுகிறதே என்று திறப்பார்கள், ஃபிளாஷுக்கான கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு இருக்கும், பேட்டரியைக் கழற்றினாலும் உடனே போகாது. அதையும் பட்டியலில் சேருங்கள்.

கேள்வி: பழைய ஃபிலிம் கேமராவின் லென்ஸ் ஒன்று பார்த்தேன். வெளியே கண்ணாடி பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வெளிக் கண்ணாடியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் புகும் துளையை, முழுசாகத் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கமிருந்து சற்றுச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல ஓரத்திலிருந்து உள்ளே படர்ந்திருந்தால் அது பூஞ்சை. பனி படிந்த மாதிரி மங்கலாக இருந்தால் ஹேஸ். இரண்டும் படத்தின் கான்ட்ராஸ்ட்டைக் குறைத்து மங்கலாக்கிவிடும். ஓரமாகக் கொஞ்சம் பூஞ்சை என்றால் பிரித்துத் துடைக்கத் தெரிந்தவர் சரிசெய்துவிடுவார், ரொம்ப நாள் விட்டிருந்தால் கண்ணாடியின் பூச்சையே அரித்திருக்கும். நாலைந்து தூசிக்குப் பயப்பட வேண்டாம், படத்தில் தெரியாது. அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பும்போது இலைகளில் எண்ணெய்ப் பசை மின்னுகிறதா, சட்டென்று மூடுகிறதா என்று பாருங்கள். 1960-களின் சில லென்ஸ்கள் மஞ்சளாகத் தெரியும். தோரியம் கலந்த கண்ணாடி காலப்போக்கில் அப்படி ஆவது, புற ஊதா வெளிச்சத்தில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். லேசான கதிரியக்கம் உண்டு, படமெடுக்கப் பயன்படுத்துவதில் கவலையில்லை, குழந்தைக்கு விளையாடக் கொடுக்காதீர்கள், கண்ணில் வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடியாகவும் ஆக்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் வாங்கிவிடுங்கள். ஒரு சின்ன அடாப்டர் வளையம் போட்டால் இன்றைய மிரர்லெஸ் கேமராவில் பழைய லென்ஸ் பெரும்பாலானவை உட்காரும். ஃபோகஸைக் கையால் திருப்பித்தான் எடுக்க வேண்டும், எனக்கு அதுதான் பிடித்தமே.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வீட்டுக் கண்காணிப்பு கேமரா வாங்கலாமா?

பதில்: நான் வாங்க மாட்டேன். பழைய சொந்தக்காரரின் கணக்கிலிருந்து நீங்கியதா என்று உறுதியாகத் தெரியாத ஒரு கேமரா வீட்டுக்குள் இருக்க வேண்டாம். இந்த வகைப் பொருட்களுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு, கம்பெனி தன் சர்வரை நிறுத்தினால் நல்ல நிலையில் உள்ள பொருளும் அன்றோடு செத்துவிடும். ரிவால்வ் என்ற ஸ்மார்ட் ஹோம் பெட்டிக்கு 2016 மே மாதம் நடந்தது அதுதான்.

கேள்வி: பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். காலியாகத்தான் இருந்தது. சும்மா ஒரு ரெக்கவரி மென்பொருளை ஓட்டிப் பார்த்ததில் யாரோ ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள், குழந்தையின் படங்கள் எல்லாம் வருகின்றன. என்ன செய்வது? நாங்கள் விற்ற பொருட்களை நினைத்தும் இப்போது பயமாக இருக்கிறது.

பதில்: மேற்கொண்டு ஒரு படத்தையும் திறக்காதீர்கள். விற்றவரிடம் போன் செய்து, இப்படிப் படங்கள் வருகின்றன, உங்களுக்கு வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள். ஒரே நகலைத் தொலைத்துவிட்டுத் தவிப்பவர்களாகக்கூட இருக்கலாம். வேண்டுமென்றால் எடுத்துக் கொடுங்கள். வேண்டாம் என்றாலோ ஆளே கிடைக்கவில்லை என்றாலோ, படத்தில் உள்ள முகத்தை வைத்து ஊரெல்லாம் விசாரிக்கப் போகாமல், டிஸ்க் முழுவதையும் அழித்து எழுதிவிட்டு உங்கள் வேலைக்குப் பயன்படுத்துங்கள்.

'டெலீட்' செய்வதும் 'குவிக் ஃபார்மேட்' செய்வதும் கோப்புகளின் பட்டியலை மட்டும்தான் நீக்கும், கோப்பு அங்கேயே இருக்கும், அதனால்தான் உங்களுக்கு அவை வந்தன. சுற்றும் ஹார்ட் டிஸ்க் என்றால் முழுவதும் ஒருமுறை பூஜ்ஜியத்தால் நிரப்பினாலே போதும், பலமுறை எழுத வேண்டும் என்பது பழைய காலத்துப் பேச்சு. சுற்றும் பாகம் இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.க்கு அந்த முறை சரிவராது, எழுதும் இடத்தை அது உள்ளுக்குள் மாற்றிக்கொண்டே இருக்கும், ஆகவே தயாரித்த கம்பெனியின் மென்பொருளிலோ பயாஸிலோ உள்ள செக்யூர் எரேஸ் என்ற முழுசாக அழிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். இன்றைய போன்களில் தகவல் சங்கேதமாக்கித்தான் சேமிக்கப்படுகிறது, ரீசெட் செய்தால் அதன் சாவியே அழிந்துவிடும், கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு ரீசெட் செய்தால் போதும். ஏற்கெனவே விற்றுவிட்டவற்றின் கணக்குகளை இப்போதும் தூரத்திலிருந்தே நீக்க முடியும், கூகுள் கணக்கிலும் ஆப்பிள் கணக்கிலும் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியல் இருக்கும், அதில் கையில் இல்லாதவற்றை எடுத்துவிட்டு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். போனை விற்கும்போது மெமரி கார்டை உள்ளேயே விட்டுவிடுகிறவர்கள் நிறைய, சிம் டிரேயை ஒரு தடவை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.